புறாமலைக் கடலும் இலங்கைத்துறை மணல் தடமும்

அத்தியாயம் 7

திருகோணமலையில் வழிகாட்டியோடு போகக்கூடிய பயணங்களில் இரண்டை இந்த அத்தியாயம் எடுத்துக்கொள்கிறது. ஒன்று, நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாமலைத் தீவுகளில் முகக்கண்ணாடி அணிந்து முருகைக் கற்களின் மேல் மிதப்பது. மற்றது, ஜீப்பில் கொட்டியாரக் குடாவைச் சுற்றித் தெற்கே போய், தார் வீதியை விட்டு இறங்கி, இலங்கைத்துறை முகத்துவாரத்தைப் பார்த்து வருவது.

இரண்டையும் ஒரே நாளில் காட்டிவிடுவோம் என்று சொல்பவர்கள் உண்டு. காட்டவும் முடியும். ஆனால் நிலாவெளி, திருகோணமலை நகருக்கு வடக்கே ஏறத்தாழ 15 கிலோமீற்றரில் இருக்கிறது. இலங்கைத்துறை தெற்கே, அதைப்போலப் பல மடங்கு தூரத்தில். காலையில் கடலில் நீந்திக் களைத்த உடம்போடு நண்பகல் வெயிலில் ஜீப்பில் குலுங்கிப் போனால் கடலும் நினைவில் நிற்காது, காடும் நிற்காது. இரண்டு நாள் ஒதுக்குங்கள். ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். மற்றது அடுத்த முறைக்கு இருக்கட்டும்.

முதலில் காற்று

இந்தக் கரையில் வற்றுப்பெருக்கு மிகச் சிறிது. உயர்ந்த நீருக்கும் தாழ்ந்த நீருக்கும் இடையே ஒரு மீற்றர்கூட வராது. ஆகவே கடலின் குணத்தை ஏறக்குறைய முழுவதும் காற்றே தீர்மானிக்கிறது. கடற்றொழிலாளர் வள்ளத்தைத் தள்ளுமுன் பார்ப்பதும் அதைத்தான். உங்கள் பயணத் திட்டத்தையும் அதிலிருந்தே தொடங்குங்கள்.

ஒக்டோபர் கடைசியில் தொடங்கிப் பெப்ரவரி வரை வாடைக்காற்றுக் காலம். வடகிழக்கிலிருந்து வரும் அலை நேரே கரையில் மோதும். மழைநீர் கலந்து கடல் கலங்கிக் கிடக்கும். அந்த மாதங்களில் புறாமலைக்கு ஆசைப்படாதீர்கள். மலிவான அறை வாடகையைக் கண்டு டிசெம்பரில் வந்துவிட்டு, கரையில் குடையோடு நிற்பவர்கள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு.

மே முதல் செப்டெம்பர் வரை நல்ல காலம். கொழும்பு, காலிப் பக்கத்தில் தென்மேற்குப் பருவக்காற்று அடித்துக்கொண்டிருக்கும் அதே மாதங்களில் கிழக்குக் கடல் தெளிந்து கிடக்கும். ஆனால் இந்தக் காலத்துக்கும் ஒரு காற்று உண்டு. அது கச்சான்: தரையைக் கடந்து வரும் வறண்ட, சூடான காற்று. அது கரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால் கரையோரத் தண்ணீர் அமைதியாகவே தெரியும். ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. காற்றடைத்த மிதவையில் படுத்திருக்கும் பிள்ளை, கரையிலிருப்பவர்கள் பேச்சில் இருக்கும்போதே, சத்தமில்லாமல் வெளியே போய்விடும். கச்சான் காலத்தில் காற்றடைத்த விளையாட்டு மிதவைகளைக் கடலில் இறக்கவே கூடாது.

அதிகாலையில் கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். பகல் ஏற ஏறக் காற்றும் ஏறும், தண்ணீரும் கலங்கும், ஆட்களும் கூடுவார்கள். முதல் படகில் போய் பத்தரை மணிக்குள் திரும்பிவிடுவது உத்தமம். ஓகஸ்ட் பாடசாலை விடுமுறையையும் போயா தினத்தோடு சேர்ந்த நீண்ட வார இறுதிகளையும் தவிர்த்தால் தீவில் மனித இரைச்சல் பாதியாகக் குறையும்.

வழிகாட்டியை எப்படித் தெரிவது

இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபை வழிகாட்டிகளுக்கு உரிமப் பத்திரம் வழங்குகிறது. தேசிய வழிகாட்டி, பிரதேச வழிகாட்டி, வாகனம் ஓட்டும் வழிகாட்டி என்று வகைகள் உண்டு. அடையாள அட்டையைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. அட்டை மட்டும் போதுமா என்றால் போதாது. முதல் நாள் மாலை நேரில் பேசுங்கள். கீழே உள்ள கேள்விகளுக்குத் தயங்காமல் விடை வரவேண்டும்.

1. நாளைக்குக் கடல் எப்படி? காற்று எழும்பினால் என்ன செய்வீர்கள்? பணத்தைத் திருப்புவீர்களா, வேறு நாள் தருவீர்களா?
2. படகில் ஆளுக்கொரு பாதுகாப்பு அங்கி இருக்கிறதா? பிள்ளைகளின் அளவில் இருக்கிறதா?
3. தண்ணீரில் எங்களோடு நீந்துவது யார்? அவர் ஒருவர் எத்தனை பேருக்குப் பொறுப்பு?
4. சொல்லும் விலைக்குள் எவை அடங்கும்? நுழைவுச்சீட்டு, படகு, கண்ணாடியும் குழாயும், வாகனம், எரிபொருள், சாப்பாடு ஆகியவற்றை ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.
5. ஜீப்பில் மேலதிக டயர், இழுக்கும் கயிறு, மண்வெட்டி, பலகை இருக்கின்றனவா?
6. மாலை எத்தனை மணிக்குத் தார் வீதிக்குத் திரும்பியிருப்போம்?

முதல் கேள்விக்கு வரும் விடையே முக்கியம். “தம்பி, நாளைக்குக் கடலுக்குப் போகலாமோ?” என்று கேட்டதும் “பிரச்சினையில்ல அக்கா, எப்பவும் போகலாம்” என்று சொல்லும் ஆளை விட்டுவிடுங்கள். “விடியக் காத்தப் பாத்துத்தான் சொல்லுவன், அஞ்சு மணிக்குக் கோல் எடுங்கோ” என்பவர் கிடைத்தால் பேரம் பேசாமல் பிடித்துக்கொள்ளுங்கள். வழிகாட்டிக்கு நீங்கள் கொடுக்கும் கூலியில் பெரும்பகுதி, போகக்கூடாத நேரத்தில் அவர் போகவேண்டாம் என்று சொல்வதற்கான கூலி.

பாதுகாப்பு அங்கி விடயத்தில் எந்த விட்டுக்கொடுப்பும் வேண்டாம். 2021 நவம்பர் 23 அன்று, இதே மாவட்டத்தில் கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில் மிதப்புப் பாதை கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் உட்படப் பலர் இறந்தார்கள். அது ஆழ்கடலில் நடக்கவில்லை. மக்கள் அன்றாடம் கடக்கும் களப்பில் நடந்தது. புறாமலைக்குப் படகில் சில நிமிடங்கள்தானே என்று அங்கியைக் காலடியில் போட்டுக்கொண்டு உட்காராதீர்கள். கொக்கியைப் பூட்டிய பிறகு படகு கிளம்பட்டும்.

முதல் நாள்: புறாமலை

நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தள்ளி நிற்கும் இரண்டு சிறு பாறைத் தீவுகளே புறாமலை. பாறை இடுக்குகளில் கூடுகட்டும் மாடப்புறாக்களால் வந்த பெயர். 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசிய பூங்காவாகவும் பிரகடனம் செய்யப்பட்டது. சுற்றியுள்ள கடலோடு சேர்த்துப் பரப்பு 471 ஹெக்டேயர். பெரிய தீவு நீளவாக்கில் இருநூறு மீற்றர் அளவுதான். அதன் உச்சி 45 மீற்றருக்குச் சற்றுக் குறைவு. நடந்து பார்க்க அரை மணி நேரம் போதும். பார்க்கவேண்டியது முழுவதும் தண்ணீருக்குள் இருக்கிறது: நூறளவில் பவள இனங்களும் முந்நூறளவில் மீன் இனங்களும் இங்கே பதிவாகியிருக்கின்றன.

1998இல் இந்து சமுத்திரம் அளவுக்கு மீறிச் சூடேறியபோது இலங்கையின் தென்மேற்குக் கரையில் பவளம் பெருமளவு வெளிறி மடிந்தது. திருகோணமலைப் பக்கத்துப் பவளம் பெரும்பாலும் தப்பியது. அன்று சூட்டுக்குத் தப்பியதை இன்று மனிதக் கால்கள் முறிக்கின்றன. கரையில் இறங்கியதும் காலடியில் நொறுங்கும் வெள்ளைத் துண்டுகளெல்லாம் செத்த முருகைக் கற்கள்தாம். வெறுங்காலுடன் நடந்தால் வெட்டும். ரப்பர்ச் செருப்போ காலணியோ கட்டாயம்.

*சீட்டும் படகும்.* நுழைவுச்சீட்டை நிலாவெளிக் கரையில் உள்ள வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்கள அலுவலகத்தில் வாங்கவேண்டும். உள்நாட்டவருக்கும் வெளிநாட்டவருக்கும் கட்டணம் வேறு. வெளிநாட்டவருக்குத் தலைக்கணக்கோடு குழுவுக்கான சேவைக் கட்டணமும் வரியும் சேரும். புலம்பெயர்ந்து வேற்று நாட்டுக் கடவுச்சீட்டோடு வரும் உறவினர் இதை முன்கூட்டியே கணக்கில் வைத்திருங்கள். இலங்கை அடையாள அட்டை இருந்தால் கொண்டுவாருங்கள். படகுக் கூலி தனி. அது ஆளுக்கா, படகுக்கா என்பதைக் கேட்டு, திரும்பும் நேரத்தையும் பேசிவிட்டு ஏறுங்கள்.

*கருவிகள்.* வாடகைக்குக் கிடைப்பவை மூன்று: கண்ணையும் மூக்கையும் மூடும் முகக்கண்ணாடி, வாயில் வைத்து மூச்செடுக்கும் ஸ்நோர்கல் குழாய், கால்துடுப்பு. கண்ணாடி பொருந்துகிறதா என்று பார்க்கும் வழி எளிது. பட்டியைப் போடாமல் கண்ணாடியை முகத்தில் அழுத்தி, மூக்கால் மெல்ல உறிஞ்சிக் கையை எடுங்கள். விழாமல் ஒட்டி நின்றால் அது உங்களுக்கானது. தலைமயிர் விளிம்பில் சிக்கினால் தண்ணீர் கசியும். மீசைக்காரர்கள் மேலுதட்டில் சிறிது வாசலின் தடவலாம். உள்கண்ணாடியில் உமிழ்நீர் தேய்த்துக் கடல்நீரில் அலசினால் ஆவி படியாது. தொழில்முறைச் சுழியோடிகளும் இதையே செய்கிறார்கள். வாடகைக் குழாயின் வாய்ப்பகுதியைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிக்கொள்ளுங்கள். அடிக்கடி கடலில் இறங்குபவரென்றால் சொந்தமாக ஒன்று வாங்குவதே நல்லது.

*தண்ணீரில்.* இடுப்பளவு நீரில், மணல் தரையில் முதலில் பழகுங்கள். முகத்தை நீரில் வைத்து, வாயால் மட்டும், மெதுவாக, ஆழமாக மூச்செடுங்கள். அவசர மூச்சுத்தான் புதியவரைக் களைப்பிக்கும். குழாய்க்குள் தண்ணீர் ஏறினால் தலையைத் தூக்காமல் “தூ” என்று ஒரே ஊதலில் வெளியேற்றலாம். இதை ஐந்தாறு முறை செய்து பார்த்துவிட்டு நகருங்கள். கால்துடுப்பு போட்டபின் முன்நோக்கி நடந்தால் விழுவீர்கள். பின்புறமாக நடந்து நீருக்குள் போங்கள். முழங்காலை மடக்கிச் சைக்கிள் மிதிப்பதுபோல் உதைக்காமல், இடுப்பிலிருந்து நீளமாக, மெல்ல உதையுங்கள். இருவர் இருவராகப் போங்கள். தனியே போவது கூடாது.

நீச்சல் தெரியாதவரும் இறங்கலாம், பாதுகாப்பு அங்கியோடும் வழிகாட்டி இழுத்துச் செல்லும் வளைய மிதவையோடும் மட்டும். தெரிந்தவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: மூச்சடக்கிக் கீழே போகுமுன் வேகவேகமாகப் பலமுறை மூச்சு வாங்காதீர்கள். அது மூச்சு முட்டும் உணர்வைத் தள்ளிப்போடுமே தவிர உடலுக்கு மேலதிக ஒட்சிசனைத் தராது; தண்ணீருக்கடியில் நினைவு தப்பிப் போகும். நல்ல நீச்சல்காரர்கள் இறப்பது இப்படித்தான்.

*என்ன தெரியும்?* படகு இறக்கிவிடும், தரையைப் பார்த்த பக்கத்தில், ஆழமில்லாத நீரிலேயே பவளம் தொடங்கிவிடும். கலைமான் கொம்பைப் போலக் கிளைத்தவை, மேசையைப் போல விரிந்தவை, மூளையைப் போல மடிந்தவை என ஒன்றையடுத்து ஒன்று. அவற்றுக்கிடையே கிளிமீன்கள் அலகால் கல்லைச் சுரண்டும் சத்தம் நீருக்குள் தெளிவாகக் கேட்கும். அவை தின்று கழிக்கும் கல்தூளே பவளத் தீவுகளின் கரையில் மணலாகச் சேர்கிறது. சிறு நடைபாதையில் மறுபுறம் போனால் திறந்த கடலைப் பார்த்த கரை. செட்டை நுனி கறுத்த சுறாக்களைத் தேடுபவர்கள் அங்கேதான் இறங்குவார்கள். பெரும்பாலும் ஒரு மீற்றரை ஒட்டிய நீளம். ஆளைக் கண்டால் விலகிப் போகும் சுபாவம். துரத்தாமல், கைகால் அடிக்காமல், ஓரிடத்தில் மிதந்திருங்கள். அவை தாமே சுற்றி வரும். தீனி போடவே கூடாது. அழுங்காமையும் பேராமையும் கண்ணில் பட்டால் அதிர்ஷ்டம். ஆமை மூச்செடுக்க மேலே வரும்போது மேலிருந்து வழிமறிக்காதீர்கள்.

*தொடக்கூடாதவை.* சுருக்கமாக, எதையும் தொடக்கூடாது. பவளம் உயிருள்ளது, விரல் நீளக் கிளை வளரப் பல மாதங்கள், சில இனங்களில் ஆண்டுகள் வேண்டும். களைத்தால் பவளத்தின்மேல் நிற்காமல் மல்லாந்து மிதந்து கையைத் தூக்குங்கள். கல்லோடு கல்லாகக் கிடக்கும் கல்மீன், நீண்ட கறுப்பு முட்களோடு இடுக்கில் இருக்கும் கடல்முள்ளெலி, இறகு விரித்த சிங்கமீன் ஆகியவை, தொடுகிறவருக்கே தண்டனை தருபவை. கல்மீனோ சிங்கமீனோ குத்தினால் தாங்கக்கூடிய அளவு சூடான நீரில் அந்த இடத்தை அமிழ்த்தி வைத்துக்கொண்டு வைத்தியசாலைக்குப் போகவேண்டும். பவளத்தையோ சிப்பியையோ பொறுக்கி வருவது சட்டப்படி குற்றம்.

வெயிலுக்குக் கிரீம் பூசுவதைவிட முழுக்கைச் சட்டை மேல். சில கிரீம்களில் உள்ள இரசாயனங்கள் பவளத்துக்குக் கேடு என்று பலாவு நாடு 2020இலும் அமெரிக்காவின் ஹவாய் மாநிலம் 2021இலும் அவற்றைத் தடைசெய்தன. கூட்டம் என்ன செய்யும் என்பதற்குத் தாய்லாந்தின் மாயா விரிகுடா சாட்சி. ஒரு திரைப்படத்தால் புகழ்பெற்று, நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கானோர் வந்து இறங்கிச் சிதைத்த அந்தக் குடாவை 2018இல் மூடினார்கள். 2022 ஜனவரியில்தான் கட்டுப்பாடுகளோடு திறந்தார்கள். மூடிக்கிடந்த காலத்தில் அங்கே திரும்பி வந்தது, புறாமலையில் நாம் பார்க்கும் இதே கறுப்பு நுனிச் சுறா.

இரண்டாம் நாள்: ஜீப்பில் தெற்கே

காலை ஆறு மணிக்குப் புறப்படுங்கள். இடியப்பமும் சொதியும் கட்டிக்கொண்டால் வழியில் நேரம் மிஞ்சும். ஏ-15 வீதியில் முதலில் வருவது கிண்ணியாப் பாலம். 2009 ஒக்டோபரில் திறக்கப்பட்ட இது 396 மீற்றர் நீளம். நாட்டிலேயே நீளமான பாலம் என்று பெயர் பெற்றது. அதற்கு முன் இங்கும், தெற்கே மகாவலியின் கிளைகளிலும் வாகனங்கள் மிதப்புப் பாதையில் ஏறியே கரை கடந்தன. இன்று ஒரு மணி நேரத்தில் தாண்டும் தூரத்துக்கு அன்று பாதி நாள் போய்விடும்.

மூதூரில் ஒரு நிறுத்தம். 1659 நவம்பரில், அதாவது வாடைக் காலத்தில், மசூலிப்பட்டினத்தருகே புயலில் பாய்மரம் இழந்த ‘ஆன்’ என்ற ஆங்கிலக் கப்பல் கொட்டியாரக் குடாவுக்குள் ஒதுங்கியது. அதிலிருந்த இளைஞர் ரொபர்ட் நொக்ஸ் மறு ஆண்டு தந்தையோடும் தோழர்களோடும் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டு, பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் மலைநாட்டில் கழித்துத் தப்பினார். 1681இல் அவர் வெளியிட்ட நூல் ஐரோப்பாவுக்கு இலங்கையின் உள்நாட்டு வாழ்வைச் சொன்ன முக்கிய நூல்களில் ஒன்று. பிடிபட்ட இடம் என்று காட்டப்படும் புளியமரத்தடியில் நினைவுக்கல் உண்டு.

மூதூரைத் தாண்டினால் வயல், குளம், எருமைக் கூட்டம். நேரம் இருந்தால் சேருவில விகாரைக்கும் வெருகல் சித்திரவேலாயுதர் கோயிலுக்கும் போகலாம். வடக்கிலிருந்து கதிர்காமத்துக்கு நடந்து போகும் அடியார்கள் தங்கிச் செல்லும் கோயில் வெருகல். ஆவணித் திருவிழாவின்போது வீதி நெரியும். ஜீப்காரரிடம் நாள் கேட்டுக்கொள்ளுங்கள்.

*மணலில் வண்டி.* ஏ-15இலிருந்து கிழக்கே பிரிந்து ஈச்சிலம்பற்று வழியாகக் கடலை நோக்கிப் போகும் பகுதிதான் இந்த நாளின் சாரம். இலங்கைத்துறைக் குன்றின் மேலுள்ள விகாரைக்குப் போகும் வழி எந்த வாகனமும் போகும் வீதி. ஜீப் தேவைப்படுவது அதிலிருந்து பிரிந்து களப்போரத்துக்கும் கடற்கரைப் பற்றைகளுக்கும் போகும் மணல் தடங்களில். நல்ல ஓட்டுநர் தடத்தில் இறங்குமுன் நிறுத்தி டயர்க் காற்றைக் குறைப்பார். வழக்கமான 30–35 பிஎஸ்ஐ அளவிலிருந்து 18–20க்கு. டயர் தட்டையாகி மணலில் பரந்து பதியும், புதையாது. பிறகு நாலு சக்கர இழுவையைப் போட்டு, சீரான வேகத்தில், சட்டென்று பிரேக் பிடிக்காமல், சக்கரத்தை ஒடிக்காமல் போவார். புதைந்துவிட்டால் மிதிக்க மிதிக்க இன்னும் இறங்கும். எல்லோரும் இறங்கி, மண் வெட்டி, பலகை வைத்து ஏற்றுவதே வழி. காற்றைக் குறைக்காமல் வீரமாக இறங்குபவரோடு போனால் தள்ளும் வேலை உங்களுக்குத்தான்.

பின்னிருக்கையில் குலுக்கல் அதிகம். முதுகு, கழுத்து நோவுள்ளவர்களும் முதியவர்களும் முன்னால் இருக்கட்டும். கர்ப்பிணிகள் இந்தப் பகுதியைத் தவிர்க்கவேண்டும். நின்றுகொண்டு படம் பிடிக்காதீர்கள். தாழ்ந்த கிளை முகத்தில் அடிக்கும். அலையடிக்கும் மணலில் வண்டி ஓட்டச் சொல்லாதீர்கள். அங்கே ஆமை முட்டையிட்டிருக்கலாம்; கரைவலைக்காரரின் வலையும் கயிறும் கிடக்கும். கரைவலை இழுக்கும் நேரமாக இருந்தால் தள்ளி நின்று பாருங்கள். கேட்டுவிட்டுக் கயிற்றில் கை வைத்தால் மகிழ்வார்கள்.

மே, ஜூன் மாதங்களில் காட்டோரத்தில் பாலைப்பழம் பழுத்திருக்கும். இனிப்பு அதிகம், பால் உதட்டில் ஒட்டிக்கொள்ளும். வழிகாட்டி பறித்துத் தருவதை மட்டும் தின்னுங்கள். தெரியாத இரும்புப் பொருள் எதுவும் பற்றைக்குள் கிடந்தால் கையோ காலோ படாமல் வந்த தடத்திலேயே திரும்புங்கள். இது போர் நடந்த மண். அதே காரணத்தால் தடம் விட்டுப் புதிய வழி வெட்டுவதும் வேண்டாம்.

*முகத்துவாரம்.* ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உல்லைக்கழிக் களப்பு, இரண்டுக்கும் நடுவே பாறைக்குன்று. இதுதான் இலங்கைத்துறை முகத்துவாரம். குன்றின் மேல் சமுத்திரகிரி விகாரை இருக்கிறது. புத்தரின் புனிதப் பல்லைக் கலிங்கத்திலிருந்து இளவரசி ஹேமமாலாவும் தந்த குமாரனும் நான்காம் நூற்றாண்டில் கொண்டுவந்து கரையேறிய துறை இதுவே என்பது பௌத்த மரபு. இந்தப் பக்கத்துத் தமிழர் இக்குன்றை முருகன் மலையாக வழிபட்டவர்கள். வீதிப் பலகைகளில் ‘லங்காபட்டுன’ என்றிருக்கும். ஊரவரிடம் வழி கேட்கும்போது இலங்கைத்துறை என்று கேளுங்கள். 2004 டிசெம்பர் சுனாமியும் அடுத்து வந்த ஆண்டுகளின் போரும் இந்தக் கரைக் கிராமங்களைப் பெயர்த்துப்போட்டன. தேத்தண்ணிக் கடையில் அமர்ந்தால் அவர்களாகவே பேசுவார்கள். நீங்களாகத் துருவிக் கேட்காதீர்கள். மூதூர் முதல் வாகரை வரையான இக்கரையில் கரையோர வேடர் குடிகளும் வாழ்கின்றன. ‘வேடர் கிராமம் காட்டுகிறேன்’ என்று யாராவது விலை பேசினால் மறுத்துவிடுங்கள்.

குன்றில் ஏறுமுன் செருப்பைக் கழற்றுங்கள். தோளும் முழங்காலும் மூடியிருக்கவேண்டும். புத்தர் சிலைக்கு முதுகு காட்டிப் படம் எடுப்பது இலங்கையில் பெரும் அவமதிப்பாகக் கொள்ளப்படும். பாறை வெயிலில் கொதிக்கும்; பழைய காலுறை ஒன்று கைவசம் இருந்தால் உதவும்.

இங்கே குளிக்க ஆசை வரும். வேண்டாம். களப்பு நீர் கடலில் விழும் வாயில் இழுவை எப்போது எந்தப் பக்கம் என்று புதியவருக்குத் தெரியாது. மகாவலியின் கழிமுகப் பகுதியில் முதலையும் உண்டு. களப்போரம், கண்டல் வேர்களுக்கிடையே காலை நனைக்கவும் இறங்காதீர்கள். முகக்கண்ணாடியை நிலாவெளியிலேயே விட்டுவிட்டு வரலாம்.

*திரும்பும் நேரம்.* பிற்பகல் மூன்றரைக்கு மணல் தடத்தை விட்டு ஏறுங்கள். இருட்டுமுன் கிண்ணியாவைத் தாண்டியிருக்கவேண்டும். சேருவில, வெருகல் பக்கத்தில் பொழுது சாய்ந்தால் யானை வீதிக்கு வரும். வந்தால் தூரத்திலேயே நிறுத்துங்கள். ஹோர்ன் அடிக்காமல், விளக்கை அடித்து அணைக்காமல், இறங்காமல் காத்திருங்கள். அது போனபின் இன்னும் சில நிமிடம் பொறுங்கள், பின்னால் குட்டியோடு வேறொன்று வரலாம். மூதூரிலோ கிண்ணியாவிலோ சட்டியில் உறைந்த எருமைத் தயிர் வாங்குவதென்றால் பகல் வெளிச்சத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பையில் இருக்கவேண்டியவை

- ஆளுக்கு இரண்டு லீற்றர் தண்ணீர், மீண்டும் நிரப்பக்கூடிய போத்தலில்; தீவில் கடை இல்லை
- முழுக்கைச் சட்டை, தொப்பி, கயிறு கட்டிய மூக்குக்கண்ணாடி
- நீரில் போடக்கூடிய காலணி; கோயிலுக்கும் விகாரைக்கும் மாற்று உடை
- தண்ணீர் புகாத பை, கைபேசிக்கும் பணத்துக்கும், சில்லறைத் தாள்கள்
- அடையாள அட்டை அல்லது கடவுச்சீட்டு
- படகில் குமட்டுபவர்களுக்கு மாத்திரை, புறப்படுவதற்கு முன்பே விழுங்க
- கிருமிநாசினி, கட்டுத்துணி; பவளக் கீறல் சிறிதானாலும் சீழ் பிடிக்கும்
- குப்பையைத் திருப்பிக் கொண்டுவர ஒரு பை

டிரோன் பறக்கவிட சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி தேவை. திருகோணமலை கடற்படைத் தளம் உள்ள துறைமுகம். தளத்தையும் காவலரண்களையும் படம் எடுக்காதீர்கள்.

அவசரத்துக்கு

1990 என்ற இலக்கத்தை அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும், கட்டணம் இல்லை. பொலிஸ் 119. பெரிய வைத்தியசாலை நகரிலுள்ள மாவட்டப் பொது வைத்தியசாலை. மணல் தடங்களில் தொலைபேசி சமிக்ஞை விட்டுவிட்டுத்தான் வரும். ஆகவே எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதைத் தங்கும் விடுதியில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

கணக்கு முடிக்கும்போது

பேசிய தொகையைப் பயணம் முடிந்தபின் கொடுங்கள். எரிபொருளுக்கு முற்பணம் கேட்டால் ஒரு பகுதி கொடுப்பது வழக்கம். வழிகாட்டிக்கு ஒரு தொகை கொடுக்கும்போது படகோட்டியையும் ஜீப் ஓட்டுநரையும் மறக்காதீர்கள்; அவர்களுக்கு அது தனியே போய்ச் சேர்வது நல்லது. காற்று எழும்பிவிட்டது என்று சொல்லி வழிகாட்டி உங்களைக் கரையிலிருந்தே திருப்பி அனுப்பினால், அன்றைக்கும் ஏதாவது கொடுங்கள். அந்த நாளில் அவருக்கு வருமானம் போயிருக்கும். கடலுக்குப் போனால்தான் காசு என்று ஆகிவிட்டால், அடுத்த முறை கொந்தளிக்கும் கடலிலும் “போகலாம்” என்றுதான் சொல்வார். அந்தப் படகில் இருப்பது உங்களுக்குப் பின்னால் வரும் வேறொரு குடும்பமாக இருக்கும்.